கேளாமல் விட்டதைப் பிடித்த பெட்டி

அளத்தங்கரையில் தவசிலிங்கம் கட்டிய ரேடியோ முதன்முதலாக வாய் திறந்தது ஒரு பங்குனி மத்தியானம், உப்பு அம்பாரங்களின்மேல் வெயில் விழுந்து ஊரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்த நேரம். அதிலிருந்து கொழும்பு வரவில்லை, மாஸ்கோ வரவில்லை, நடுக்கடலில் போகிற கப்பல்காரன் சத்தமும் வரவில்லை, அடுத்த தெரு ஜெயமணி தன் புருஷனிடம், "கேக்கியளா, அரிசி தீந்து போச்சு," என்று தை மாசத்தில் சொன்னது வந்தது.

அவர் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்றவர்கள் அதைக் கேட்டார்கள். யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. உப்புப் போட்டு வைத்த மாங்காய் கெடுவதில்லை, மீன் கெடுவதில்லை, உப்புக்காற்றில் கிடந்த பேச்சு மட்டும் எதற்காகக் கெட வேண்டும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் அதுவும் சரிதான் என்றார்கள், காரணம் தேடுகிற வேலை அத்தோடு முடிந்தது. ஒரு வாரத்துக்குள் இன்னொன்றும் விளங்கிவிட்டது: அந்தப் பெட்டி எல்லாப் பேச்சையும் பிடிப்பதில்லை. யாரிடம் சொல்லப்பட்டதோ அவர் காதில் வாங்காமல் விட்ட பேச்சு எதுவோ, அதை மட்டும் பிடிக்கும். ஜெயமணி புருஷன் பால்துரை உப்பளத்துக் கணக்கப்பிள்ளை. மனைவி அரிசி தீர்ந்ததைச் சொன்னபோது அவர் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவசிலிங்கம் ரேடியோக்காரர் அல்ல. அந்த ஊரில் முதல் பிரவுசிங் சென்டர் வைத்தவர், எல்லார் கைக்கும் போன் வந்த பிறகு அதை மூடியவர். கம்ப்யூட்டர் இருந்த தடுப்புக்குள் கோழி அடைய ஆரம்பித்து, ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சி, அதையும் ஜெராக்ஸ் மிஷினுக்குத் துணையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு, பாட்டும் கேம்ஸ் விளையாடுகிற பையன்களின் துப்பாக்கிச் சத்தமும் கேட்பதற்கென்று அதில் இருந்த சவுண்ட் கார்டே போதும், அதைக் கொண்டு ஒரு ரேடியோ கட்டிவிடலாம் என்று எங்கேயோ படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஒரு கிரிஸ்டல், நகத்தளவில் இரண்டு ஐசி, கறுப்பு வளையத்தில் சுற்றிய செப்புக்கம்பி, பழைய மதர்போர்டிலிருந்து பிடுங்கிய கெபாசிட்டர்கள், இவ்வளவுதான் சாமான். அந்தச் சின்னப் பலகை வானத்திலிருந்து ஒரு துண்டு அலையைக் கத்தரித்துக் கீழே இறக்கி, காதுக்கு எட்டுகிற சத்தமாக்கி, சவுண்ட் கார்டின் வாயில் ஊட்டும்; மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொள்ளும். ஏரியல் கம்பியை மாடியிலிருந்து பனைமரத்துக்கு இழுத்தார். எர்த்துக்கு, அந்த ஊரில் எல்லாரும் செய்வதுபோல, கடைக்குப் பின்னால் கிடந்த உப்புப் பாத்திக்குள் செம்புத் தடியை அடித்து இறக்கினார். அதைவிட நல்ல எர்த்து உலகத்தில் கிடையாது என்பது அளத்தங்கரைக்காரர்களின் துணிபு.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி செண்பகவடிவு வீட்டைவிட்டுப் போனாள். ஐசியின் பொடிக்கால்களைப் பற்றவைத்துக்கொண்டு, மூக்கு பலகையில் முட்ட, ஈயப்புகை கண்ணில் ஏற அவர் உட்கார்ந்திருக்க, அவள் கையில் பையோடு வாசல்படியில் நின்று கொஞ்சநேரம் என்னமோ சொன்னாள். அவர் "உம்" என்றார், பிறகும் "உம்" என்றார், கடைசியில் "சரி" என்றார். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் வெயில் மட்டும் நின்றது. அவள் சாத்தூரில் தம்பி வேலாயுதம் வீட்டுக்குப் போய்விட்டாள். போன் போட்டால் எடுக்கவில்லை. மச்சினன்தான் எடுத்தான்.

"அத்தான், அக்கா ஒரே பேச்சுதான் சொல்லுதா. கெளம்பும்போது அவியகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்தேன், அதைச் செஞ்சுட்டு வந்து கூப்பிடட்டும், மறுபேச்சு இல்லாம வாரேங்கா."

"சரி வேலாயுதம்."

"என்ன சொன்னான்னு எங்கிட்ட சொல்ல மாட்டேங்கா. உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியாம என்ன, தெரியும் தெரியும்," என்றார் தவசிலிங்கம்.

தெரியாது என்று சொல்வதற்கு வழியே இல்லை. எதைச் சொன்னாலும் காதில் வாங்காத மனுஷன் என்பதுதான் அவள் காலமெல்லாம் வைத்த குற்றச்சாட்டு. நீ கடைசியாகச் சொன்னதையும் நான் கேட்கவில்லை என்று அவளிடமே போய்ச் சொல்லுகிறவன் அவளைக் கூட்டிவரவா போகிறான்? ஆகவே அவர் ஊகத்தில் இறங்கினார். குளியலறைக் கதவு சரியாக மூடாமல் கிடந்தது, ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினார். "அது இல்லையாம் அத்தான்," என்றான் வேலாயுதம். அடுப்படியில் அலமாரி அடித்தார். அதுவும் இல்லையாம். புகையிலையை விட்டார், அக்கா சந்தோஷப்பட்டாளாம், ஆனால் அது இல்லையாம். வீட்டுக்கு வெள்ளையடித்து, கொல்லையில் முருங்கைக்குப் பாத்தி கட்டி, கோழிக்கூண்டுக்குக் கம்பிவலை போட்டு, செண்பகவடிவு பார்த்தால் வேறு யார் வீடோ என்று தாண்டிப் போய்விடும் அளவுக்கு அந்த வீடு திருந்திவிட்டது. சாத்தூரிலிருந்து வந்த பதில் திருந்தவில்லை.

அதனால்தான், கேளாமல் விட்ட பேச்சை இந்தப் பெட்டி பிடிக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு ஊர்க்காரர்கள் தலையாட்டிவிட்டுப் போக, தவசிலிங்கம் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் சொன்னதும் இங்கேதான் எங்கேயோ மிதக்க வேண்டும்.

ஆனால் முதலில் ஒரு ரகளை. அவர் கம்ப்யூட்டரின் பின்னால் மைக் செருகும் ரோஸ் ஓட்டையில் ஒற்றை ஒயரைச் செருகியிருந்தார். ஒற்றை ஒயருக்கு, கத்தரித்த அலைத்துண்டின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எது, அந்தப் பக்கம் எது என்று தெரியாது. வலப்பக்கத்து அலையையும் இடப்பக்கத்து அலையையும் மடித்த வேட்டிபோல ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுவிடும். ஜெயமணி எப்போதோ புருஷனுக்குப் போன் போட்டு, "எப்ப வாரிய? காத்துக் காத்துக் கண்ணு பூத்துப் போச்சு," என்றது ஒரு பக்கம் கிடந்தது. டீக்கடை சுடலைக்கண்ணு பால் டிப்போக்காரனிடம், "விடியுமுன்ன வந்துருதேன், பொறவாசலைத் தெறந்து வையி, சத்தங்காட்டாத," என்றது சரியாக அதற்கு எதிர்ப்பக்கம் கிடந்தது. இரண்டும் மடிந்து ஒன்றாகி, கடை நிறைய ஆள் இருந்தபோது, கேள்வியும் பதிலுமாக ஒலித்தது. பால்துரை கடையைவிட்டு இறங்கினார். பாத்தியில் கிடந்த உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

சுடலைக்கண்ணு பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நான் பாலுக்குல்லா போனேன், பாலுக்கு," என்று கத்த, "பாலுக்கு எதுக்குவே பொறவாசல்?" என்று பால்துரை பலகையை ஓங்க, நாலு பேர் பிடித்து நிறுத்திவைக்க, தவசிலிங்கம் ஓடிப்போய் ரோஸ் ஓட்டையிலிருந்து ஒயரைப் பிடுங்கி, நீல ஓட்டையில் இரண்டு ஒயரைச் செருகினார்; ஒரே அலைதான் இரண்டிலும், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று பிந்தி வரும், அந்தப் பிந்தலை வைத்துக் கம்ப்யூட்டர் இடத்தையும் வலத்தையும் பிரித்துவிடும். மடிப்பு விரிந்தது. ஜெயமணி ஒரு மூலைக்கும் சுடலைக்கண்ணு எதிர்மூலைக்கும் போனார்கள். பால்துரை பலகையைக் கீழே வைத்தார். அன்று முழுக்க ஜெயமணி அவருக்குச் சோறு போடவில்லை, அவள் ஏன் போடவில்லை என்று சொன்னதை அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

அதற்குப் பிறகு ஊர் அந்தப் பெட்டியோடு பழகிக்கொண்டது. திரையில் பேச்சு ஒவ்வொன்றும் ஒளிநூலாக மேலிருந்து கீழே இறங்கும், பத்தமடைப் பாயைத் தறியில் பார்த்ததுபோல நூலும் நூலுமாக நெருங்கிக் கிடக்கும். மவுஸைக் கொண்டுபோய் எந்த நூலின்மேல் வைக்கிறோமோ அந்தப் பேச்சு கேட்கும். சாயங்காலம் அளத்து வேலை முடிந்து வெள்ளைக் கோடு விழுந்த கால்களோடு பெண்கள் வந்து கடைவாசலில் உட்காருவார்கள். யாருடைய பேச்சு வருகிறதோ, அதைக் கேட்காமல் விட்டவரை ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவர் வந்து நின்று, வாயில் ஒரு உப்புக்கல்லைப் போட்டுக்கொண்டு, அது கரைகிற மட்டும் வாய் திறக்காமல், சொன்னவர் மறுபடியும் சொல்லுவதைக் கேட்க வேண்டும். "உம்" போடக் கூடாது. இந்த முறையைக் கொண்டுவந்தவள் பாக்கியத்தாய், அளத்தில் உப்பு வாருகிறவர்களுக்குத் தலைவி மாதிரி. ஆளுக்குத் தக்க கல்லை அவளே பொறுக்கிக் கொடுப்பாள். கேட்டு முடித்ததும் திரையில் அந்த நூல் மங்கி, அணைந்துவிடும்.

ஒருநாள் அளத்து முதலாளியே தூத்துக்குடியிலிருந்து காரில் வந்தார். திரையில் ஒரு பக்கம் முழுக்க அவருக்குரியதாக இருந்தது: நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, காலுக்கு பூட்ஸ் இல்லை, ஒதுங்க ஓர் இடம் இல்லை. வந்தவர் இறங்காமலே, "இதையெல்லாம் முன்னமே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றார். தவசிலிங்கம் மவுஸைக் கொஞ்சம் நகர்த்தினார். "முதலாளி, முன்னயும் சொன்னோம், இப்பமும் சொல்லுதோம்," என்று பாக்கியத்தாயின் குரல், அவளுடைய இருபது வயசுக் காலத்துக் குரல், ஸ்பீக்கரில் வந்தது. முதலாளி இறங்கினார். பாக்கியத்தாய் தேடிப் பொறுக்கி எலுமிச்சங்காய் அளவு கல் ஒன்றைக் கொடுத்தாள். அது கரைவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. சித்திரைக்குள் கொட்டகை வந்தது, தண்ணீர்த்தொட்டி வந்தது, பூட்ஸ் மட்டும் எல்லாம் ஒரே அளவில் வந்தது.

பூசாரி உச்சிமாகாளிக்குத்தான் சங்கடம். கோவிலில் சொன்ன வேண்டுதல்களும் பெட்டியில் வர ஆரம்பித்திருந்தன.

"இது என்னவே அநியாயம்," என்று அவர் கடை வாசலில் வந்து நின்றார். "அம்மன்கிட்டச் சொன்னது இதுல எப்படி வரும்?"

"வருதுன்னா ஆத்தா கேக்கலைன்னுதான அர்த்தம், பூசாரி," என்றாள் பாக்கியத்தாய்.

"ஏளா, வாயைக் கழுவு."

"கழுவிட்டுத்தான் வந்தேன். அவளுக்கும் ஒரு கல்லு எடுத்து வைக்கட்டா?"

பூசாரி யோசித்துவிட்டு, அந்த வேண்டுதலெல்லாம் செவ்வாய்க்கிழமை வைத்ததாக இருக்கும், செவ்வாய்க்கிழமை அம்மன் பக்கத்தூர்க் கோவில் கொடைக்குப் போயிருப்பாள் என்று சொன்னார். நியாயமான பேச்சாக இருந்ததால் ஊர் ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து கோவிலில் மணியை மட்டும் முன்னைவிட வெகுநேரம் அடித்தார்கள்.

இப்படியே ஊருக்குக் காது முளைத்தது. புருஷன்மார் பெண்டாட்டிமார் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், பெண்டாட்டிமாரும் அப்படியே. டீக்கடையில் ஒருவர் முடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்புறம்தான் அடுத்தவர் தொடங்கினார், அதனால் டீ ஆறிப்போய்ச் சுடலைக்கண்ணு இரண்டாம் தடவை சுடவைக்க வேண்டி வந்தது. பஸ் கண்டக்டர், ஏறுகிறவர் சொல்வதையெல்லாம் கேட்டு முடித்து விசில் ஊத, மத்தியான பஸ் சாயங்கால பஸ் ஆனது. திரையில் புதிய நூல் விழவில்லை. பழைய நூல்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன.

தவசிலிங்கம் நூல் நூலாகத் தேடினார். மனைவியின் பேச்சு ஏராளமாகக் கிடைத்தது. கேஸ் தீர்ந்ததைச் சொன்னது, முழங்கால் வலியைச் சொன்னது, ஒரு மழைநாளில் வாசலுக்கு வந்து மேகத்தைப் பாருங்கள் என்று கூப்பிட்டது. மேகம் வரை வந்தபோது அவர் தாமே ஒரு உப்புக்கல்லை வாயில் போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாக அணைத்தார். ஆனால் கடைசியாக அவள் பையோடு நின்று சொன்னது மட்டும் எங்கேயும் இல்லை. கிரிஸ்டலை மாற்றிப் போட்டு வானத்தின் வேறு துண்டுகளைக் கத்தரித்துப் பார்த்தார். அங்கே வெறும் இரைச்சல்.

திரையின் நடுவில் ஒரு நூல் இருந்தது. அதை நூல் என்று சொல்லக்கூடாது, கயிறு. இருந்ததிலேயே தடித்தது, பிரகாசமானது. மவுஸ் அதன்மேல் பட்டால், "அப்பா, நாந்தான், வச்சுராதிய," என்று ஒரு பெண்குரல் தொடங்கும். தவசிலிங்கத்தின் கை உடனே தாண்டிப் போய்விடும். அது அவருடைய ஒரே மகள் ஆவுடைச்செல்வி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் தன்னோடு வேலை பார்த்த வேற்றுச்சாதிப் பையனைக் கட்டிக்கொண்டவள். அவள் போன் போட்டால் அவர் எடுத்து, குரல் தெரிந்ததும் மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். வைத்துவிடுவாரே தவிர அணைக்கமாட்டார், அது பாட்டுக்கு மேஜையோடு பேசிக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் அவள் பேரை எடுப்பதில்லை என்பது சட்டம். கடைவாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களும் மவுஸ் அந்தக் கயிற்றைத் தாண்டும்போது உப்பு அம்பாரத்தைப் பார்க்கப் பழகியிருந்தார்கள்.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் பாக்கியத்தாய் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. திரையில் அம்மனுக்குப் போய்ச் சேராத வேண்டுதல்கள் ஓரமாகச் சிணுங்க, நடுவில் அந்தக் கயிறு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

"மயினி பேச்சு கெடச்சுதா அண்ணாச்சி?"

"இல்லம்மா. ஒரு எடம் பாக்கி வைக்காம பாத்துட்டேன்."

"ஒயரு கியரு தப்பா இருக்குமோ?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒன் பேச்சு வந்துச்சு, என் பேச்சு வந்துச்சு, ஆத்தாவுக்குச் சொன்னதுகூட வந்துச்சு. இது மட்டும் வரலை."

பாக்கியத்தாய் ரேஷன் கார்டால் விசிறிக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"கேக்காம விட்டதுதான இதுல வரும்?"

"ஆமா."

"மயினி சொன்னது வரலை."

"வரலைன்னுதான நானும் சொல்லுதேன்."

"அப்பம் நீங்க கேட்டிருக்கியல்லா."

தவசிலிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் கேக்கலைங்கேன். தலை நிமிரவே இல்லைங்கேன். எனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட ஏன் அண்ணாச்சி சண்டைக்கு வாரிய? சொன்னது நானா, பெட்டிதான?" என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள்.

அவர் ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அப்போது அது வந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, நீல ஓட்டை வழியாக வரவில்லை. ஈயப்புகை வாசனையோடு அவருக்குள்ளேயே, அவள் சொன்ன வேகத்தில், அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு வந்தது.

"செல்வி வீட்டுக்குப் போங்க. அவ கையால ஒரு வாய் சாப்பிடுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கலை. சாப்பிட்டுட்டு வந்து என்னைக் கூப்பிடுங்க, வாரேன். இல்லைன்னா நான் எந்தம்பி வீட்டுலயே கெடந்துக்கிடுதேன். கேட்டியளா?"

சரி என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். அந்தச் "சரி" வாயிலிருந்து விழுந்த கையோடு, கேட்டதை அப்படியே எடுத்துப்போய் எங்கேயோ பதுக்கிவைத்து, அதன்மேல் குளியலறைக் கதவைச் சாத்தி, அலமாரியை அடித்து, வெள்ளையைப் பூசி, கம்பிவலையை இழுத்துக் கட்டி, இதெல்லாம் அவளுக்காகச் செய்கிறேன் என்று ஊருக்குச் சொல்லி, ஊர் நம்பியதால் தாமும் நம்பியிருக்கிறார்.

அவர் சட்டையை மாட்டினார். கை ஒருதடவை மவுஸ் பக்கம் போனது. கயிற்றின்மேல் வைத்து இத்தனை வருஷத்துப் பேச்சையும் இங்கேயே உட்கார்ந்து கேட்டு முடித்துவிடலாம், யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, கடையைத் திறந்தபடியே போட்டு, கோவில்பட்டி பஸ்ஸுக்கு நடந்தார். எங்கே அண்ணாச்சி என்று கேட்ட கண்டக்டர், மகள் வீட்டுக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டு, கொஞ்சநேரம் விசில் ஊதாமல் நின்றான்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல வந்து உட்கார்ந்த பெண்கள், ஆளில்லாத கடையில் கயிறு ஓரத்திலிருந்து பிரிபிரியாக மங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்ததாகப் பின்னால் சொன்னார்கள். ஒரே மூச்சில் அணையவில்லையாம், விளக்குவைக்கிற நேரம் வரைக்கும் ஆனதாம். அது அணைந்த பிறகு திரையில் பூசாரியின் சங்கடம் மட்டும் மிஞ்சியது, அது இன்றைக்கும் இருக்கிறது.

கோவில்பட்டியில் கதவைத் திறந்தது மாப்பிள்ளை பூவரசன். "வாங்க மாமா," என்றான், மாசம் மாசம் வந்துபோகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. ஒரு நாற்காலியைப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான், புத்திசாலிப் பையன். அடுப்படியில் ஒரு பாத்திரம் தேவைக்கு மேல் சத்தமாக வைக்கப்பட்டது.

"மத்தியானச் சோறுதான் இருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போடு."

அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, ஓரத்தில் உடைந்த அப்பளம். அவர் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். மனைவி சொன்னது அத்தோடு முடிந்துவிட்டது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சாத்தூர் பஸ்ஸுக்குப் போகலாம். இன்னொரு வாய் எடுத்தார்.

செல்வி சுவரில் சாய்ந்து நின்றபடி பேச ஆரம்பித்தாள். அழவில்லை, ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. இந்தத் தெருவில் தண்ணீர் பாதி நாள் வருவதில்லை என்றாள், வந்தாலும் மேட்டு வீட்டுக்காரி மோட்டார் போட்டு உறிஞ்சிக்கொள்கிறாள் என்றாள், அதை அவளிடம் போய்க் கேட்டதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா என்றாள். வேகவேகமாகச் சொன்னாள், எந்த இடத்திலும் துண்டிக்கப்படலாம் என்று தெரிந்தவள் பேசுகிற மாதிரி. அப்படியே, யாரும் துண்டிக்காமலே, பழக்கதோஷத்தில் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

தவசிலிங்கம் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றார்.